லூப் ரெக்கார்டர் பொருத்திய பிறகு: புண் ஆறுவதும் விடை கிடைப்பதும்

இதயத்துக்காக ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார் என்றால், பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: ஸ்டென்ட் வைத்தார்களா, பேஸ்மேக்கர் வைத்தார்களா? இரண்டும் இல்லை, துடிப்பைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி ஒன்றை நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், "அப்போ சரியாயிடுச்சா?" என்று அடுத்த கேள்வி வரும். வீட்டாருக்குப் பதில் தெரியாது. சரியாகவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கருவி இதயம் தயங்கினால் தூண்டிவிடாது; தாறுமாறாக ஓடினால் மின்னதிர்ச்சி கொடுத்து அடக்காது; மாரடைப்பைத் தடுக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், உள்ளே இருந்து துடிப்பு எந்த நேரத்தில் எப்படிப் பிசகியது என்று பதிந்துவைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

லூப் ரெக்கார்டர் என்று இதய மருத்துவர்கள் அழைக்கும் இந்தக் கருவியைப் பொருத்திக்கொண்டவர் 'தேறிவிட்டார்' என்று எப்போது சொல்வது? தோலில் போட்ட கீறல் ஆறுவது ஒரு கணக்கு. எந்தக் கேள்விக்காகக் கருவி உள்ளே போனதோ அதற்கு விடை கிடைப்பது இன்னொரு கணக்கு. முதலாவது ஓரிரு வாரத்தில் முடியும். இரண்டாவது எப்போது முடியும் என்று யாரும் தேதி குறிக்க முடியாது. நம் வீடுகளில் முதலாவதைப் பற்றி அளவுக்கு மீறிய பயமும் இரண்டாவதைப் பற்றி அளவுக்கு மீறிய அலட்சியமும் இருக்கின்றன. இரண்டையும் அவற்றுக்குரிய அளவில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரு நாள் பதிவு போதாமல் போனது ஏன்?

இதயத்தின் மின்னோட்டத்தைத் தெளிவாகப் பதிவுசெய்யும் வழியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கினார். 1924இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்று எல்லா மருத்துவமனைகளிலும் எடுக்கப்படும் ஈசிஜி அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஈசிஜி சில விநாடிகளை மட்டுமே காட்டும். மேசையில் படுத்திருக்கும்போது இதயம் ஒழுங்காக நடந்துகொண்டால், நேற்றுக் குளியலறையில் விழுந்ததற்கான காரணம் அதில் தெரியாது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றார். அவருடைய முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை ஏறக்குறைய 38 கிலோ. பின்னால் அது சுருங்கி, 1961இல் 'சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வெளியான பிறகு மருத்துவ உலகில் பரவியது. ஹோல்டர் மாட்டிக்கொண்டு வந்தேன் என்று இன்று பலர் சொல்லும்போது அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஆண்டுக்கு மூன்று முறை மயங்கி விழுகிற ஒருவருக்கு 24 மணி நேர ஹோல்டர் மாட்டினால், அந்த ஒரு நாளில் மயக்கம் வருவதற்கான வாய்ப்பு சுமார் 120இல் ஒன்று. ஒட்டுப் பட்டைக் கருவிகளைக் கொண்டு இரண்டு வாரம் கண்காணித்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் சிக்காது. எலெக்ட்ரோடு ஒட்டிய இடமெல்லாம் அரித்துத் தடிப்பதுதான் மிச்சம்.

தோலுக்கு வெளியே நெடுநாள் வைக்க முடியாததை உள்ளே வைத்தால் என்ன என்ற யோசனை 1990களில் கனடாவின் லண்டன் நகரில் ஜார்ஜ் கிளைன், ஆண்ட்ரூ க்ரான், ரேமண்ட் யீ ஆகிய மருத்துவர்களின் கையில் பயன்பாட்டுக்கு வந்தது. நினைவகம் நிரம்பியதும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும் சுழற்சி முறையில் கருவி இயங்கியது. மயங்கி விழுந்தவர் எழுந்து பொத்தானை அழுத்தினால், விழுவதற்கு முந்தைய நிமிடங்கள் அழியாமல் காக்கப்படும்.

முன்பு வந்த கருவிகள் பெரியவை. மெட்ரானிக் நிறுவனத்தின் ரிவீல் எக்ஸ்டி 9 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. அதை வைக்கத் தோலுக்கடியில் கத்தியால் ஒரு பை வெட்டித் தையல் போட வேண்டும். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிவீல் லிங்க் 1.2 கன சென்டிமீட்டர்தான். நீளம் சுமார் 45 மில்லிமீட்டர், எடை 2.5 கிராம். ஒரு தீக்குச்சியின் நீளம், அதைவிடச் சற்றுத் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். அபாட், பயோட்ரானிக், பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனங்களும் இதே அளவை ஒட்டிய கருவிகளைச் செய்கின்றன. பொருத்திய பிறகான வேதனை குறைந்ததற்கு மூலகாரணம் இந்தச் சுருக்கம்தான். அறுவை அரங்கில் செய்யப்பட்ட வேலை, சாதாரணச் சிகிச்சை அறையில் ஊசி போடுவதைவிடச் சற்றுப் பெரிய காரியமாக ஆகிவிட்டது.

யாருக்கு வைக்கிறார்கள்?

திரும்பத் திரும்ப மயங்கி விழுந்தும் காரணம் பிடிபடாதவர்கள் முதல் வரிசை. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, உடனடி ஆபத்துக்கான அறிகுறி இல்லாத, ஆனால் மயக்கம் மறுபடி வரக்கூடிய நோயாளிகளுக்கு, மற்றச் சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் என்றில்லாமல் தொடக்கத்திலேயே இதைப் பொருத்தலாம் என்று வலுவாகப் பரிந்துரைக்கிறது. பக்கவாதம் வந்து, ஸ்கேன்களில் காரணம் தெரியாதவர்கள் இரண்டாவது வரிசை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் அவ்வப்போது வந்து மறைகிறதா என்று இவர்களிடம் தேடுகிறார்கள். அந்த நடுக்கத்தின்போது மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்தால், உறைகட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும். அரிதாக வரும் படபடப்பு, பரம்பரைத் துடிப்புக் கோளாறு பற்றிய சந்தேகம் ஆகியவை அடுத்த காரணங்கள்.

வலிப்பு என்று பட்டம் கட்டப்பட்டவர்கள் தனியாகப் பேச வேண்டியவர்கள். இதயம் சில விநாடிகள் நின்று மூளைக்கு ரத்தம் போகாமல் போனால், விழுந்தவரின் கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்கள் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள்; பிறகு வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை. பிரிட்டனில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, வலிப்பு என்று முன்பு சொல்லப்பட்ட 74 பேரைச் சாய்மேசைச் சோதனை முதலியவற்றாலும் சிலரை லூப் ரெக்கார்டராலும் மறுபடி ஆராய்ந்தது. 31 பேருக்கு மயக்கத்தின் காரணம் வேறு என்று தெரிந்தது. திருமணப் பேச்சும் வேலைவாய்ப்பும் 'வலிப்பு' என்ற ஒரு பேச்சில் முறிந்துபோகும் ஊரில் அப்படியொரு திருத்தத்தின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பொருத்தும்போது நடப்பது

மார்பு எலும்புக்கு இடப்பக்கம், நான்காவது விலா இடைவெளியை ஒட்டி, சாய்வாக வைப்பதே வழக்கம். அந்த இடத்தில் துடிப்பின் அலை பெரிதாகக் கிடைக்கும். பெண்களுக்குத் தழும்பு தெரியாமல் மார்பின் கீழ்மடிப்பை ஒட்டி வைப்பதும் உண்டு. தோலைச் சுத்தம்செய்து மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசியின் எரிச்சல்தான் பெரும்பாலோருக்கு நினைவிருக்கும் வலி. பிறகு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீறல். கூடவே வரும் செலுத்தியைக் கொண்டு கருவியைத் தோலுக்கும் தசைக்கும் நடுவே தள்ளிவிட்டு, அலை ஒழுங்காகத் தெரிகிறதா என்று திரையில் பார்த்து, பசையாலோ ஒட்டுப் பட்டையாலோ ஓரிரு தையலாலோ மூடிவிடுவார்கள். இதயத்துக்குள் எதுவும் போவதில்லை. ரத்தக்குழாயைத் தொடுவதும் இல்லை. பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

முதல் இரண்டு வாரம்

பொருத்திய இடத்தில் சில நாள் வலி, கன்றிய நிறம், கொஞ்சம் வீக்கம் இருப்பது இயல்பு. பாரசிட்டமால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கன்றல் பெரிதாகப் பரவி, நீலம் பச்சையாகி மஞ்சளாகி மறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதைக் கண்டு பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதுதான் கன்றலைவிட ஆபத்து.

காயத்தை எத்தனை நாள் நனைக்கக் கூடாது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஓரிரு நாளில் மேல்கட்டை எடுத்துவிட்டுக் குளிக்கச் சொல்பவர்கள் உண்டு. ஐந்து முதல் ஏழு நாள் காத்திருக்கச் சொல்பவர்களும் உண்டு. மூடிய விதம், தோலின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது அது. நனைவதைவிட ஊறுவதுதான் பிரச்சினை. ஆறு, குளம், கடல், நீச்சல் குளம் ஆகியவற்றைப் புண் முழுக்க மூடும்வரை, பொதுவாக இரண்டு வாரம், தவிர்க்க வேண்டும். ஒட்டுப் பட்டை தானாக உதிரட்டும் என்று விட்டுவிடலாம்.

பசையால் மூடியிருந்தால் அதன்மேல் எண்ணெய், வாசலின், களிம்பு எதுவும் படக் கூடாது. எண்ணெய்ப் பசை ஒட்டைத் தளர்த்திவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை ஆறும்வரை தள்ளிப்போடுவது நல்லது. காயத்தில் மஞ்சள் அப்புவதும் அப்படித்தான்: சமையலறை மஞ்சளில் கிருமி இல்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, அதன் நிறம் புண்ணின் சிவப்பையும் மறைத்துவிடும். சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த நாள்களில் முக்கியமான வேலை.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை வியர்வை. பிளாஸ்திரிக்கு அடியில் வியர்த்து அரிக்கும். சொறிந்தால் புண் திறக்கும். பிளாஸ்திரி அளவுக்கே சதுரமாகத் தோல் சிவந்து அரித்தால் அது பெரும்பாலும் ஒட்டுப்பசை ஒவ்வாமை. கருவியின் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. பருத்திச் சட்டை, தளர்ந்த ரவிக்கை, உராயாத உள்ளாடை உதவும். தாலிக்கொடியோ கழுத்துச் சங்கிலியோ சரியாக அந்த இடத்தில்தான் தொங்கும். அதை வலப்பக்கம் ஒதுக்கிச் சேலையில் பின் குத்திக்கொண்டால் உராய்வது நிற்கும். ஆண்கள் இடப்பக்கச் சட்டைப்பையில் செல்போன் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

பலர் தவறாக நினைப்பது கையைப் பற்றித்தான். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இடக்கையைத் தோளுக்கு மேல் சில வாரம் தூக்கக் கூடாது என்பார்கள். ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போன வயர் இடம்பெயர்ந்துவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். லூப் ரெக்கார்டரில் வயரே இல்லை. பக்கத்து வீட்டு பேஸ்மேக்கர்க்காரர் சொன்ன கட்டுப்பாட்டை இவரும் கடைப்பிடித்துக் கையை அசைக்காமல் கட்டிவைத்தால், மிஞ்சுவது தோள்பட்டை இறுக்கம்தான். சாதாரண வேலைகளுக்குக் கையைப் பயன்படுத்தலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஜிம் எடைகள் ஆகியவற்றை மட்டும் காயம் இழுபடாமல் இருக்க ஓரிரு வாரம் தள்ளிவைக்கலாம்.

தழும்பு விஷயத்தில் நம் மக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். காயத்தின் எல்லையையும் தாண்டித் தோல் தடித்து வளரும் கெலாய்டு, கருநிறத் தோல் கொண்டவர்களிடம் கூடுதலாக வரும். நடு மார்பு அது விரும்பி வரும் இடங்களில் ஒன்று. காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ முன்பு அப்படித் தடித்திருந்தால், கீறலுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வைக்கும் இடத்தை மாற்றுவதைப் பற்றியும் பிறகு தழும்பைக் கவனிப்பதைப் பற்றியும் அவர் யோசிக்க முடியும்.

எப்போது ஓட வேண்டும், எப்போது வேண்டாம்

தொற்றும் ரத்தக்கட்டும் கருவி இடம்பெயர்வதும்தான் முக்கியச் சிக்கல்கள். சிறிய கருவிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நாளாக நாளாகக் குறைய வேண்டிய சிவப்பு கூடுவது, தொட்டால் சூடு, சீழ், காய்ச்சல், வாய் பிளக்கும் காயம், வேகமாகப் பெரிதாகும் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே பொருத்திய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது. தொற்று கருவி வரை போயிருந்தால் மாத்திரையால் அது தீர்வது கடினம், கருவியை எடுக்க வேண்டிவரும். தோல் மெலிந்து கருவியின் முனை வெளியே தெரிவது அரிது; தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும். விரலால் தடவினால் கருவி தட்டுப்படுவதும், மெலிந்தவர்களுக்கு மேடாகத் தெரிவதும், சற்றே அசைவதும் இயல்பு. அடிக்கடி தடவிப் பார்த்து அதை அலைக்கழிக்காமல் இருந்தால் போதும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மறுபடி மயக்கம் ஆகியவை வந்தால், 'உள்ளே மிஷின் இருக்கிறது, டாக்டருக்குத் தெரிந்துவிடும்' என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பதிவு போய்ச் சேர்ந்து யாராவது பார்க்க மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகலாம். 108ஐ அழைக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

பொத்தானும் பெட்டியும்

இங்கேதான் இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. கருவி நீண்ட இடைநிறுத்தம், மிகை வேகம், மிகக் குறைந்த வேகம், ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவற்றைத் தானாகவே கண்டு பதிந்துகொள்ளும். ஆனால் அதன் நினைவகம் சிறியது. ரிவீல் லிங்க் போன்றவற்றில் மொத்தப் பதிவிடம் சுமார் ஒரு மணி நேரம்தான். ஏறக்குறைய அதில் பாதி நோயாளி தானே அழுத்திச் சேமிப்பதற்கு. ஆகவே மயங்கி எழுந்ததும், அல்லது படபடப்பு வந்த உடனே, கையடக்கக் கருவியின் பொத்தானையோ செல்போன் செயலியையோ இயக்க வேண்டும். மயக்கம் போட்டவர் குழம்பிய நிலையில் இருப்பார். கூட இருப்பவருக்கும் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நேரம், நின்றாரா உட்கார்ந்திருந்தாரா, சிறுநீர் கழிக்கும்போதா சாப்பிட்ட பிறகா, முகம் வெளிறியதா, எத்தனை நேரத்தில் நினைவு திரும்பியது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தால், கோடுகளாக வரும் பதிவுக்குப் பொருள் கிடைக்கும்.

பதிவு மருத்துவமனைக்குப் போகும் வழி படுக்கை அருகே வைக்கும் ஒரு பெட்டி அல்லது செல்போன். பெட்டி என்றால் தலைமாட்டில், இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் இரவில் தூங்கும்போது தானாக அனுப்பும். கருவி வேலை செய்துகொண்டிருக்க, அனுப்புவது மட்டும் நின்றுபோகும் இடங்கள் பல. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் கொசு மிஷின் செருகுவது, சார்ஜ் மிச்சம் என்று புளூடூத்தை அணைப்பது, புதுப் போன் வாங்கிச் செயலியை ஏற்றாமல் விடுவது, கோடையில் மொட்டை மாடியில் படுப்பது, மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகும்போது பெட்டியை எடுத்துப் போகாதது. வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை இணைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் இவற்றில் பெரும்பாலானவை தீரும்.

மறுமுனையிலும் சிக்கல் உண்டு. கருவி அனுப்பும் எச்சரிக்கைகளில் கணிசமான பங்கு பொய்யானவை. அலை சிறியதாகிவிட்டால் துடிப்பே இல்லை என்று கருவி எண்ணிக்கொள்ளும். இடைத்துடிப்புகள் மிகுந்தால் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்று எழுதிவிடும். பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பொய்களை வடிகட்ட உதவுகின்றன என்றாலும், இறுதியில் பார்க்க ஆள் தேவை. அந்த ஆள் இல்லாத இடத்தில் பொருத்திக்கொண்டால் பதிவு வெறுமனே குவியும்.

வண்டி, விமானம், ஸ்கேன்

புண்ணைப் பொறுத்தவரை சில நாளில் வண்டி ஓட்டலாம். மயக்கத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர் கருவி உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்தால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை, எதிரே வருபவருக்கும்தான். எப்போது ஓட்டலாம் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர், பனையேறி, உயரத்தில் வெல்டிங் செய்பவர், தனியே கடலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. வேலை மாற்றிக் கொடுக்கக் கேட்கும் கடிதத்தை மருத்துவரிடம் வாங்குவதும் சிகிச்சையின் பகுதிதான். காரில் சீட் பெல்ட்டைக் கழற்றக் கூடாது. உறுத்தினால் நடுவே சிறு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

விமான நிலையச் சோதனை வாயிலைச் சாதாரணமாகக் கடக்கலாம். கருவியின் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எம்ஆர்ஐ எடுக்கவே முடியாது என்பது தவறான பேச்சு. இன்றைய கருவிகள் 1.5, 3 டெஸ்லா இயந்திரங்களில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டவை. ஆனால் ஸ்கேனின் காந்தப்புலம் பொய்ப் பதிவுகளை உண்டாக்கி உண்மையானவற்றை அழித்துவிடக்கூடும் என்பதால், முன்கூட்டியே பதிவை இறக்கிவைப்பது நல்லது. பிசியோதெரபியில் தரும் டயதெர்மி, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றுக்கு முன்பு கருவி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

காத்திருக்கும் மனம்

பொருத்திய பிறகு சிலர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வேறு சிலர் ஒவ்வொரு துடிப்பையும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொத்தானை நாளுக்குப் பத்து முறை அழுத்துகிறார்கள். அழைப்பு வராவிட்டால் யாரும் பார்க்கவில்லை என்றும், வந்தால் ஏதோ விபரீதம் என்றும் பயப்படுகிறார்கள். மாதங்கள் கழிந்தும் மயக்கம் வராவிட்டால், 'இதற்காகவா இவ்வளவு செலவு' என்ற சலிப்பு. பதிவு ஒன்றும் இல்லாமல் போவது தோல்வி ஆகாது. மயக்கம் வந்து, அந்த நேரத்துப் பதிவில் துடிப்பு ஒழுங்காக இருந்தால், இதயத் துடிப்பு காரணமில்லை என்று உறுதியாகிறது. ரத்த அழுத்தச் சரிவு, நரம்பு, மனம் என்று தேடலின் திசை மாறுகிறது. மயக்கமே வரவில்லை என்றால் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பொருத்தும் நாளிலேயே யாராவது விளக்கிச் சொன்னால் பாதிப் பதற்றம் குறையும்.

பதிவு விடையாகிறதா?

கனடாவின் லண்டன் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் தெரியாத மயக்கம் உடைய 60 பேரில் ஒரு பாதிக்குக் கருவியும் மறுபாதிக்கு வழக்கமான சோதனைகளும் தரப்பட்டன. கருவிப் பிரிவில் 52 சதவீதத்தினருக்கும் மற்றதில் 20 சதவீதத்தினருக்கும் காரணம் தெரிந்தது. தெரிந்ததால் பயன் என்ன என்பதற்கு 2012இல் வெளியான இஷ்யூ-3 ஆய்வு பதில் சொன்னது. இதயம் நீண்ட நேரம் நின்றதைக் கருவி காட்டிக்கொடுத்த 77 பேருக்கு பேஸ்மேக்கர் வைத்து, ஒரு பகுதியினருக்கு அதை இயக்கியும் மற்றவர்களுக்கு இயக்காமலும் விட்டார்கள். இரண்டு ஆண்டில் மயக்கம் திரும்பியது முறையே 25, 57 சதவீதம் பேருக்கு. மயக்கத்தைப் பொறுத்தவரை பதிவு சிகிச்சைக்கு இட்டுச் செல்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம்.

பக்கவாதத்தில் கணக்கு இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. 2014இல் வெளியான கிரிஸ்டல் ஏஎஃப் ஆய்வில், காரணம் தெரியாத பக்கவாதம் வந்த 441 பேரில், ஓராண்டுக்குள் கருவி வைத்தவர்களில் 12.4 சதவீதத்தினரிடமும் வழக்கமான கண்காணிப்பில் 2 சதவீதத்தினரிடமும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியானால் பக்கவாதமே வராத முதியவர்களுக்கும் வைத்துத் தேடினால் என்ன? டென்மார்க்கின் லூப் ஆய்வு அதைத்தான் செய்தது. 70 வயது கடந்த, ஆபத்துக் காரணிகள் உடைய 6,004 பேர். முடிவுகள் 2021இல் 'லான்செட்' இதழில் வந்தன. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினரிடமும் மற்றவர்களில் 12.2 சதவீதத்தினரிடமும் அந்தக் கோளாறு தெரிந்தது. உறைவெதிர்ப்பு மருந்து பெற்றவர்களும் கூடினார்கள். ஆனால் பக்கவாதம் முதலியவை 4.5, 5.6 சதவீதம், புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதில்லை.

கருவியால் மட்டுமே தெரியவரும் குறுகிய நடுக்கங்களுக்கு மருந்து வேண்டுமா என்பதை 2023இல் இரண்டு ஆய்வுகள் கேட்டன. நோவா ஆய்வு, எடாக்சபான் மருந்தால் தெளிவான நன்மை தெரியாமலும் பாதுகாப்புக் கவலையாலும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆர்டீசியா ஆய்வில் அபிக்சபான் பக்கவாதம் முதலியவற்றின் வீதத்தை ஆண்டுக்கு 1.24இலிருந்து 0.78 சதவீதமாகக் குறைத்தது. பெரிய ரத்தப்போக்கைக் கூட்டியது. இவற்றில் பெரும்பாலோருக்கு இருந்தது பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் என்றாலும், லூப் ரெக்கார்டர் வைத்தவருக்கும் பாடம் பொருந்தும். பதிவில் ஒன்று தெரிந்துவிட்டது என்பதாலேயே மருந்து தொடங்கிவிட முடியாது. அது எத்தனை நேரம் நீடித்தது, வயது என்ன, முன்பு பக்கவாதம் வந்ததா, ரத்தம் கசியும் ஆபத்து உண்டா என்று எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும்.

பணமும் முடிவும்

நம் நாட்டில் இந்தக் கருவியின் விலை சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் சோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே ஆன அனுமதியை விலக்குவது பொது நிபந்தனை. இந்தக் கருவி சிகிச்சையா சோதனையா என்ற வாதம் அங்கே எழக்கூடும். பொருத்தும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது புத்திசாலித்தனம்.

பேட்டரி மாதிரியைப் பொறுத்து மூன்று முதல் நாலரை ஆண்டும் அதற்கு மேலும் வரும். விடை கிடைத்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம். சுற்றிலும் வளர்ந்த நார்த்திசுவைப் பிரிக்க வேண்டியிருப்பதால் எடுப்பதற்கு வைத்ததைவிடச் சற்று நேரம் ஆகலாம். எடுக்காமல் விடுபவர்களும் உண்டு. அப்படி விட்டால் ஒன்றைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும்: உள்ளே பேட்டரி இருப்பதால், இறந்தபின் தகனம் செய்வதென்றால் முதலில் கருவியை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தில் வெடிக்கலாம். மின்மயானத்தில் அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்று முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், காயத்தைக் கவனிக்க ஒரு பக்க அச்சுத்தாள் போதும். பல மருத்துவமனைகள் அதைத் தருகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்தத் தாளில் இல்லாத நான்கு கேள்விகளுக்குத் தமிழில் எழுதிய பதிலைக் கேட்டு வாங்கிக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்: பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? இணைப்பு அறுந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? மயக்கம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்? என்ன தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நான்காவது கேள்விக்கு மருத்துவரிடம் பதில் இல்லை என்றால், கருவியை இப்போதே வைக்க வேண்டுமா என்று நோயாளி தயங்காமல் திருப்பிக் கேட்கலாம்.